சாவி யார் கையில்? கைபேசி விபிஎன் செயலிகளை எடைபோடுவது எப்படி

ஆண்ட்ராய்டு கைபேசித் திரையின் மேல் விளிம்பில், மணிக்கும் பேட்டரிக்கும் பக்கத்தில், சில நேரம் ஒரு குட்டிச் சாவிப் படம் தெரியும். அது தெரிகிறவரை அந்தக் கைபேசியின் இணையப் போக்குவரத்து மொத்தமும் வேறு யாரோ ஒருவருடைய கணினி வழியாகப் போய்த் திரும்புகிறது. அந்த ஏற்பாட்டுக்குத்தான் விபிஎன் என்று பெயர்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இந்தச் சாவி பலருக்கும் பழக்கமானது. கல்லூரி வைஃபையில் திறக்காத தளத்தைத் திறக்க விரும்பும் விடுதி மாணவர் அதைப் போட்டுக்கொள்கிறார். குப்பத்தில் வீட்டிலிருந்தபடி பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவருக்கு அலுவலகமே ஒன்றைக் கொடுத்திருக்கும். துபாயில் இருக்கும் மகன் ஊரில் இருக்கும் அம்மாவை வாட்ஸ்அப்பில் கூப்பிட வேண்டுமானால், அங்கே அந்த அழைப்பு முடக்கப்பட்டிருப்பதால், அவனும் விபிஎன்னைத் தேடுகிறான். அலுவலக விபிஎன்னை விட்டுவிட்டால், மற்றவர்கள் பெரும்பாலும் பிளே ஸ்டோரில் முதலில் கண்ணில் படும் இலவசச் செயலியைத்தான் இறக்கிக்கொள்கிறார்கள். அதை நடத்துபவர் யார், எந்த நாட்டில் இருக்கிறார், எப்படிச் சம்பாதிக்கிறார் என்று விசாரிப்பவர்கள் குறைவு.

திருப்பதிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத் தரிசனத் தரகர் ஒருவரே போதும். வரிசையில் நிற்காமல் டிக்கெட் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பக்தர் பணத்தோடு ஆதார் எண்ணையும் கொடுத்துவிடுகிறார். கவுன்ட்டரில் இருப்பவருக்குப் பக்தரைத் தெரியாது, தரகரைத்தான் தெரியும். தரகருக்கோ எல்லாம் தெரியும். விபிஎன்னும் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாதபோது யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது ஜியோவுக்கோ ஏர்டெல்லுக்கோ தெரியும். அது வந்த பிறகு அந்த நிறுவனங்களுக்குத் தெரிவதில்லை, விபிஎன் நடத்துபவருக்குத் தெரிகிறது. நம்பவேண்டிய ஆள் மாறுகிறாரே தவிர, நம்பவேண்டிய தேவை அப்படியே இருக்கிறது.

ஜியோவும் ஏர்டெல்லும் அரசு உரிமம் பெற்றவை. இணையப் பயன்பாட்டுப் பதிவுகளை இரண்டு ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை அவற்றின் உரிம நிபந்தனையைத் திருத்தியது. அது பிடிக்காதவர்கள் இருக்கலாம். ஆனால் அந்த நிறுவனங்களுக்கு முகவரி உண்டு, புகார் கொடுக்க ஓர் இடம் உண்டு, வழக்குப் போட ஒரு நீதிமன்றம் உண்டு. பெயரும் ஒரு மின்னஞ்சலும் மட்டுமே உள்ள சின்ன விபிஎன்னிடம் இவற்றில் எதுவும் இருப்பதில்லை.

எதைக் காக்கும், எதைக் காக்காது

விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு விபிஎன்னுக்கு வேலை இல்லை. ரயில் நிலையத்திலோ தங்கும் விடுதியிலோ இலவச வைஃபையில் உட்கார்ந்தால் கடவுச்சொல் திருடுபோகும் என்ற பயம் ஒரு காலத்தில் நியாயமானதாக இருந்தது. இன்று வங்கித் தளங்கள், யுபிஐ செயலிகள், மின்னஞ்சல் எல்லாமே தாங்களாகவே தகவலைப் பூட்டி அனுப்புகின்றன. முகவரிப் பட்டையில் ‘எச்டிடிபிஎஸ்’ என்று இருந்தால், அதே வைஃபையில் இருக்கும் இன்னொருவரால் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதைப் பார்க்க முடியலாம். அங்கே என்ன தட்டச்சு செய்தீர்கள் என்பதைப் பார்க்க முடியாது.

திருப்பதிக்கு வரும் பக்தர் இழக்கும் பணம் போவது வேறு வழியில். 2023 ஏப்ரலில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு கொடுத்த புகாரில், திருமலை ஒன் டவுன் போலீசார் ஒரு போலி இணையதளத்தின் மீது வழக்குப் பதிந்தார்கள். தேவஸ்தானம் அதுவரை கண்டுபிடித்த போலிகளில் அது 41ஆவது. அசல் தளத்தின் முகவரியில் புள்ளி இருந்த இடத்தில் கோடு போட்டு, கடைசி எழுத்துகளைச் சற்று மாற்றி, முகப்பை அப்படியே நகலெடுத்திருந்தார்கள். இப்படிப்பட்ட தளத்தில் ஒருவர் தானே பணத்தைக் கட்டினால் உலகின் மிகச் சிறந்த விபிஎன்னும் அதைத் தடுக்காது. பூட்டிய பெட்டியில் பத்திரமாக வைத்துத் திருடனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஓடிபி சொல்லி ஏமாறுவதையும் விபிஎன் தடுக்காது. ஐபி முகவரியை மாற்றிக் காட்டுமே தவிர, ஜிபிஎஸ் காட்டும் இடத்தை மாற்றாது. கைபேசியே தகவல் அனுப்பினால் அதை நிறுத்தவும் அதனால் முடியாது. இந்த மண்ணிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2015 ஆகஸ்டில் ஷாவ்மி தன் முதல் ‘மேட் இன் இந்தியா’ கைபேசியான ரெட்மி 2 பிரைமை, ஸ்ரீசிட்டியில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து வெளியிட்டது. ஸ்ரீசிட்டி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் உலாவி, மறைநிலையில் பார்க்கும் பக்கங்களைப் பற்றிய தகவலையும் வெளியே அனுப்புகிறது என்று 2020 ஏப்ரலில் ஃபோர்ப்ஸ் இதழ் எழுதியது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆனாலும் மறைநிலையில் அந்தச் சேகரிப்பை நிறுத்திக்கொள்ளும் வசதியைச் சில நாட்களிலேயே உலாவியில் சேர்த்தது.

இலவசத்தின் கணக்கு

விபிஎன் நடத்தச் செலவு ஆகும். சர்வர் வாடகை உண்டு, போகிற வருகிற தகவலுக்கு ஏற்றபடி கட்டணம் உண்டு. லட்சக்கணக்கானவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பவர் எங்கிருந்தோ காசு எடுத்தாக வேண்டும்.

அந்தக் காசு எங்கிருந்து வரலாம் என்பதை உலகுக்குக் காட்டியது ஓனாவோ. இஸ்ரேலில் தொடங்கிய இந்த நிறுவனத்தை 2013இல் ஃபேஸ்புக் வாங்கியது. ‘ஓனாவோ புரொடெக்ட்’ என்ற அதன் இலவச விபிஎன், தகவலைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே, மக்கள் எந்தச் செயலியை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று ஃபேஸ்புக்குக்குக் கணக்குச் சொன்னது. வாட்ஸ்அப் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை ஃபேஸ்புக் இந்த வழியில் கவனித்துவந்ததை, 2018 டிசம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. வாட்ஸ்அப்பை அது 1900 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது 2014இல். ஆப்பிள் தன் கடையிலிருந்து ஓனாவோவை 2018இல் வெளியேற்றியது. ஓனாவோ மூலம் மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபேஸ்புக் தரப்புக்கு இரண்டு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

ஓனாவோ போன பிறகு ‘ஃபேஸ்புக் ரிசர்ச்’ என்ற இன்னொரு செயலி 2019 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. 13 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 20 டாலர் வரை கொடுத்து அதைப் போட வைத்திருந்தார்கள். கைபேசியில் ஒரு ‘ரூட் சான்றிதழ்’ நிறுவ அனுமதி கேட்டதுதான் அதில் முக்கியமான விஷயம். அந்தச் சான்றிதழைப் போட்டுக்கொண்டால் எச்டிடிபிஎஸ் பூட்டையே நடுவில் இருப்பவரால் திறக்க முடியும். எந்த விபிஎன் செயலியாவது சான்றிதழ் நிறுவச் சொன்னால், அப்போதே அதை அழித்துவிடலாம்.

இரண்டாவது வழி இன்னும் ஆபத்தானது. இஸ்ரேலைச் சேர்ந்த ஹோலா, சொந்த சர்வர்களை அதிகம் நம்பவில்லை. ஒரு பயனாளரின் போக்குவரத்தை இன்னொரு பயனாளரின் கருவி வழியாக அனுப்பியது. அந்த இணைப்புகளை லுமினாட்டி என்ற துணை நிறுவனம் மூலம் விலைக்கும் விற்றது. 2015இல் இது அம்பலமானபோது, தங்கள் இணைப்பு வாடகைக்கு விடப்படுவது பயனாளர்கள் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. 2024 மார்ச்சில் ஹியூமன் செக்யூரிட்டி என்ற நிறுவனம், ஆண்ட்ராய்டு கைபேசிகளை உரிமையாளருக்குத் தெரியாமலே இப்படி இடைவழியாக மாற்றிய 28 செயலிகளைப் பிளே ஸ்டோரில் கண்டதாக அறிவித்தது. அவற்றில் 17, இலவச விபிஎன் என்ற பெயரில் இருந்தவை.

இதன் விளைவைச் சித்தூர்க் கடைத்தெருவில் நிற்கும் ஒருவரை வைத்து யோசித்துப் பார்க்கலாம். எங்கோ இருக்கும் ஒருவன் அவருடைய கைபேசி வழியாக ஒரு மோசடி செய்கிறான். போலீசார் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு தேடினால், அது மோசடிக்காரனிடம் போகாது. சித்தூர்க்காரரின் சிம் கார்டில் வந்து நிற்கும். தன்னை மறைத்துக்கொள்ளப் போட்ட செயலியே அவரைக் காட்டிக்கொடுக்கும்.

ஏழு பெயர், ஒரே கிடங்கு

யூஎஃப்ஓ விபிஎன், ஃபாஸ்ட் விபிஎன், ஃப்ரீ விபிஎன், சூப்பர் விபிஎன், ஃபிளாஷ் விபிஎன், செக்யூர் விபிஎன், ராபிட் விபிஎன் ஆகிய ஏழும் வெவ்வேறு செயலிகள் போல விற்கப்பட்டன. ‘எந்தப் பதிவும் வைப்பதில்லை’ என்று ஏழும் சொல்லின. 2020 ஜூலையில், ஹாங்காங்கைச் சேர்ந்த இந்தச் செயலிகளின் தகவல்கள் கடவுச்சொல் கூட இல்லாத ஒரே சர்வரில் 1.2 டெராபைட் அளவுக்குத் திறந்து கிடந்தன. மின்னஞ்சல், ஐபி முகவரி, சில இடங்களில் மறைக்கப்படாத கடவுச்சொல் வரை அதில் இருந்தன. வைப்பதே இல்லை என்று சொன்ன பதிவுகள் அவை.

இது அன்றோடு முடியவில்லை. 2025இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் டொரன்டோவின் சிட்டிசன் லேபும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, தனித்தனி நிறுவனங்கள் போலத் தோன்றும் ஆண்ட்ராய்டு விபிஎன்கள் சில குடும்பங்களாக மறைமுகமாக இணைந்திருப்பதைக் காட்டியது. பிளே ஸ்டோரில் அவற்றின் பதிவிறக்கம் மொத்தம் 70 கோடிக்கு மேல். ஒரே நிரல், ஒரே சர்வர்கள் என்பதோடு நிற்காமல், சில செயலிகளில் தகவலைப் பூட்டும் கடவுச்சொல்லே செயலிக்குள் எழுதப்பட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கிறவர் எவரும் பயனாளரின் போக்குவரத்தைப் பிரித்துப் படிக்கலாம்.

பதிவிறக்க எண்ணிக்கையையும் நட்சத்திரங்களையும் நம்பலாமா? ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ அமைப்பைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016இல் 283 ஆண்ட்ராய்டு விபிஎன்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 18 சதவீதம் தகவலைப் பூட்டவே இல்லை. 75 சதவீதத்தில் பயனாளரைப் பின்தொடரும் பிறர் நிரல்கள் இருந்தன. 38 சதவீதத்தில் தீங்கு நிரலின் அடையாளம் தெரிந்தது. ஆனால் இந்தச் செயலிகளைக் குறைசொன்ன விமர்சனங்களில் பாதுகாப்பைப் பற்றிப் பேசியவை 1 சதவீதம் கூட இல்லை. வேகமாக இருக்கிறது, விளம்பரம் அதிகம், படம் ஓடவில்லை என்பதைத்தான் மக்கள் எழுதுகிறார்கள். சர்வரில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

‘சிறந்த 10 விபிஎன்’ என்று பட்டியல் போடும் தளங்களும் அதிகம் உதவுவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை, வாசகர் சந்தா கட்டினால் தரகுத் தொகை பெறுகின்றன. கேப் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் சைபர்கோஸ்ட், சென்மேட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் ஆகியவற்றை வாங்கிவிட்டு, 2021இல் விபிஎன்களை மதிப்பிடும் தளங்களை நடத்தும் ஒரு நிறுவனத்தையும் வாங்கியது. அதே ஆண்டு எக்ஸ்பிரஸ்விபிஎன்னையும் 93.6 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவரும் மதிப்பெண் போடுகிறவரும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறார்கள்.

சோதனை வந்த நாளில்

‘பதிவு வைப்பதில்லை’ என்ற வாக்கியத்தை எவரும் எழுதிவிடலாம். அது உண்மையா என்பது போலீசார் வாசலுக்கு வரும் நாளில்தான் தெரியும்.

2023 ஏப்ரல் 18 அன்று சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் உள்ள முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு, பயனாளர் தகவல் உள்ள கணினிகளைப் பறிமுதல் செய்யும் உத்தரவோடு போலீசார் வந்தார்கள். அப்படி ஒரு தகவலே தங்களிடம் இல்லை என்று நிறுவனத்தார் விளக்கினார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். முல்வாட்டில் கணக்குத் தொடங்க மின்னஞ்சல் கூடத் தேவையில்லை. ஓர் எண் கொடுப்பார்கள், அவ்வளவுதான். சேகரிக்காத தகவலை எந்த உத்தரவாலும் எடுக்க முடியாது.

துருக்கியில் 2016 டிசம்பரில் ரஷ்யத் தூதர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், எக்ஸ்பிரஸ்விபிஎன்னின் சர்வர் ஒன்றை அதிகாரிகள் கைப்பற்றினார்கள். அதில் பயன்படும்படி எதுவும் கிடைக்கவில்லை. பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் நிறுவனத்தின் ‘பதிவு இல்லை’ என்ற கூற்று 2016இலும் 2018இலும் அமெரிக்க நீதிமன்ற வழக்குகளில் நின்றது.

எதிர்ப்பக்கம் பியூர்விபிஎன் இருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணைத் தொடர்ந்து இணையத்தில் துன்புறுத்தியவரைப் பிடிக்க அதன் பதிவுகள் எஃப்பிஐக்கு உதவின. குற்றவாளி சிக்கியது நல்லதே. ஆனால் பதிவு வைப்பதில்லை என்று விளம்பரம் செய்த நிறுவனம் அது. அதன் வாக்குறுதியை நம்பிச் சந்தா கட்டிய நேர்மையான வாடிக்கையாளர்களுக்கும் அன்றுதான் உண்மை தெரிந்தது.

இந்தச் சோதனைகளும் அந்த நாளுக்குத்தான் செல்லும். சோதனையில் தேறிய மேற்கண்ட நிறுவனங்களில் இரண்டு பிறகு கைமாறின. முதலாளி மாறினால் கொள்கை மாறலாம். போன வருடம் நல்ல பெயர் எடுத்த செயலியை இந்த வருடம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

டெல்லி போட்ட உத்தரவு

இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது பொதுவாகக் குற்றம் இல்லை. ஆனால் அதை நடத்துபவர் மீது ஒரு கடமை ஏறியிருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று கணினி அவசரநிலைகளைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. அதன்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், அவருக்குக் கொடுத்த ஐபி முகவரி, எதற்காக வாங்கினார் என்ற காரணம் ஆகியவற்றைச் சேகரித்து, அவர் விலகிய பிறகும் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மீறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு வழி இருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குத் தரும் விபிஎன்னுக்கு இது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. குப்பத்து ஊழியர் கவலைப்படத் தேவையில்லை.

எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான் எல்லாம் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை அந்த ஆண்டே அகற்றிக்கொண்டன. இந்திய ஐபி முகவரி வேண்டுமென்றால் சிங்கப்பூர் போன்ற இடங்களில் இருக்கும் சர்வர் வழியாகக் கொடுக்கிறார்கள். பெரிய நிறுவனங்களால் அப்படி நகர முடிந்தது. புனேயைச் சேர்ந்த எஸ்என்டி ஹோஸ்டிங்ஸ் என்ற சிறு நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனின் உதவியோடு அது 2022 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அந்த உத்தரவை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. இந்த உத்தரவுக்குப் பிறகும் இந்தியாவுக்குள் சர்வர் வைத்துக்கொண்டு ‘எந்தப் பதிவும் இல்லை’ என்று ஒரு சின்ன விபிஎன் சொன்னால், அது சட்டத்தை மீறுகிறது அல்லது வாடிக்கையாளரிடம் பொய் சொல்கிறது. இரண்டில் எது என்றாலும் அதை நம்ப முடியாது.

2025 ஜனவரியில் உள்துறை அமைச்சகத்தின் உத்தரவின் பேரில், கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 உள்ளிட்ட சில செயலிகள் இந்தியாவில் ஆப்பிள், கூகுள் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. இப்படி நடக்கும்போது மக்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கடையில் கிடைக்காததை ‘ஏபிகே’ என்ற நிறுவல் கோப்பாக வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வாங்கி நிறுவுகிறார்கள். அவசரத்தில் யாரும் சரிபார்ப்பதில்லை. இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 அன்றும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது மக்கள் கூட்டமாக விபிஎன்னுக்கு ஓடினார்கள். 2022இல் அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, தானும் விபிஎன் வழியாகத்தான் எழுதுவதாகவும் இத்தகைய தடை பயனற்றது என்றும் வெளிப்படையாகப் பதிவிட்டார். விபிஎன் தேவைப்படும் என்று நினைப்பவர்கள் அமைதியாக இருக்கும் நாளிலேயே ஒன்றைத் தேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், குற்றம் செய்யவோ குற்றத்தை மறைக்கவோ பொய்யான ஐபி முகவரியைப் பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்கிறது. அங்கே அனுமதி பெற்ற அழைப்புச் செயலிகள் இருக்கின்றன. அம்மாவிடம் பேச அவையே பாதுகாப்பான வழி.

சிறியது என்றால் நல்லதா?

பெரிய நிறுவனங்களை வெறுப்பவர்கள் சின்னக் கடைகளை நாடுவது இயல்பு. 2020இல் வயர்கார்டு என்ற எளிய நிரல் லினக்ஸின் உள்ளேயே சேர்க்கப்பட்ட பிறகு, ஓரளவு கணினி தெரிந்த எவரும் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து விபிஎன் நடத்தலாம். நண்பர்களுக்காக நடத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இதில் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரே சர்வரிலிருந்து பத்தாயிரம் பேர் வெளியே வந்தால் யார் எங்கே போனார்கள் என்று பிரிப்பது கடினம். பத்துப் பேர் மட்டும் வந்தால் வெளியிலிருந்து பார்ப்பவர் எளிதில் ஊகித்துவிடுவார். சொந்த சர்வர் என்றால் ஒரே ஆள்தான், அதுவும் அவருடைய வங்கி அட்டையில் வாங்கியது.

டோர் வலையமைப்பு வேறு விதம். தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று சர்வர்கள் வழியாகத் தகவல் போகும். நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டும் எந்த ஒரு சர்வருக்கும் சேர்ந்து தெரியாது. அதிலும் கடைசிச் சர்வரை நடத்துபவர் கெட்டவராக இருந்தால்? 2007இல் டான் எகர்ஸ்டாட் என்ற சுவீடன் நிபுணர் ஐந்து கடைசிச் சர்வர்களை நடத்திப் பார்த்தார். பூட்டாமல் போன மின்னஞ்சல் கடவுச்சொற்கள் குவிந்தன. அவர் வெளியிட்ட பட்டியலில் பல நாட்டுத் தூதரகங்கள் இருந்தன. இந்தியத் தூதரகங்களின் கணக்குகளும், நம் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் கணக்குகளும் அதில் அடக்கம். டோர் பாதையை மறைக்கும், பெட்டியைப் பூட்டாது என்பதை அந்தக் கணக்குகளைப் பயன்படுத்தியவர்கள் புரிந்துகொள்ளவில்லை.

டோரின் இந்தப் பிரித்துக்கொடுக்கும் யோசனையை ஆப்பிள் 2021இல் ‘ஐகிளவுட் பிரைவேட் ரிலே’ என்ற பெயரில் ஐபோனுக்குக் கொண்டுவந்தது. முதல் சர்வர் ஆப்பிளுடையது. அதற்கு ஆள் தெரியும், போகும் தளம் தெரியாது. இரண்டாவது வேறொரு நிறுவனத்துடையது. அதற்குத் தளம் தெரியும், ஆள் தெரியாது. கட்டணச் சந்தாதாரருக்குத்தான் கிடைக்கும், பெரும்பாலும் சஃபாரி உலாவிக்கு மட்டும்தான் உதவும். ஆனாலும் ஒரே ஆளை முழுதாக நம்பவேண்டிய கட்டாயம் இல்லாத ஏற்பாடு அது. சின்னச் சேவைகளையும் அதே நோக்கில் ஒரு கேள்வியால் அளக்கலாம்: இதை நடத்துபவர் நாளை கெட்டவராக மாறினால் அவரால் எதைப் பார்க்க முடியும்?

பதிவிறக்கும் முன்

விபிஎன் வேண்டும் என்று முடிவு செய்தவர் சில விஷயங்களைச் சோதிக்கலாம். எதற்கும் கணினி அறிவு தேவையில்லை.

செயலியின் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெயரைத் தேடும்போது ஜிமெயில் முகவரி மட்டும் வந்தால் விட்டுவிடலாம். அடுத்து அனுமதிகள். விபிஎன் வேலை செய்யத் தொடர்புப் பட்டியலோ எஸ்எம்எஸ்ஸோ கேமராவோ தேவையில்லை. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும் விபிஎன்னின் கண் ஓடிபி மீதுதான் இருக்கும்.

வருமானம் எங்கிருந்து என்பது தெளிவாக இருக்க வேண்டும். காசு கட்டுபவர்களால் நடக்கும் நிறுவனம் ஒரு சிறு பகுதியை இலவசமாகத் தருவது புரிந்துகொள்ளக்கூடியது, புரோட்டான் அப்படித்தான் தருகிறது. எல்லாமே இலவசம், வரம்பே இல்லை என்பவரைத்தான் சந்தேகிக்க வேண்டும். வெளியார் தணிக்கை நடந்திருந்தால் யார் செய்தார்கள், எந்த ஆண்டு, முழு அறிக்கை பொதுவில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பிளே ஸ்டோரில் 2025 முதல் சில விபிஎன்களுக்கு ‘வெரிஃபைட்’ முத்திரை கிடைக்கிறது. அது செயலியைச் சோதித்ததற்கான அடையாளம். எங்கோ இருக்கும் சர்வருக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

நிறுவிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் விபிஎன் பகுதிக்குப் போய், விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுக்கும் தேர்வை இயக்க வேண்டும். இல்லையென்றால் இணைப்பு அறுந்த நொடியில் கைபேசி சத்தமில்லாமல் பழைய வழிக்கே திரும்பிவிடும்.

தனியுரிமைக் கொள்கையைப் படிக்கலாம் என்றால் அது ஆங்கிலத்தில் பல பக்கம் நீளும். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வாய்ப்பை நிறுவனங்கள் தர வேண்டும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது. எங்கோ ஒரு தீவில் பதிவு செய்த சின்ன விபிஎன் இதற்குக் கட்டுப்படுமா என்பது வேறு விஷயம். கட்டுப்படும் நிறுவனம் எது என்று பார்ப்பதே இனி தேர்வுக்கு ஓர் அளவுகோல் ஆகும்.

திருப்பதிக்கு வந்து டிக்கெட் எடுத்து, யுபிஐயில் பணம் கட்டி, ஊருக்குப் படம் அனுப்பும் சாதாரண மனிதருக்கு விபிஎன் தேவையே இல்லை. செய்தியாளர், தகவலை மறைத்தே ஆகவேண்டிய வழக்கறிஞர், தன்னைப் பின்தொடரும் ஒருவருக்குப் பயப்படும் பெண் ஆகியோருக்குத் தேவை உண்டு. அவர்கள் காசு கொடுத்து, சோதனையில் தேறிய ஒன்றை எடுப்பதே சரி. மற்றவர்கள் இன்றே கைபேசி அமைப்புகளில் விபிஎன் பகுதியைத் திறந்து பார்க்கட்டும். எப்போதோ எதற்காகவோ போட்டு மறந்துபோன பெயர் ஒன்று அங்கே இருந்தால் அதை நீக்கிவிடலாம். இணைய மோசடியில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.